வாடகைக்கு வந்த தாளம்



இந்த மேடையில் முன்னர் பேசியவர்கள் கோணேசர் கல்வெட்டைப் பற்றிப் பேசினார்கள், தட்சிண கைலாச புராணத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்த வரிசையில் வந்து நின்றுகொண்டு, நியூயோர்க் நகரத்து ஹிப் ஹொப் குழுவொன்றின் கதையைச் சொல்லப்போகிறேன் என்றபோது அமைப்பாளர் தொலைபேசியில் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி ஐயா, கொஞ்சம் எங்கட இடத்தோடயும் சேர்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

அதற்கு நான் பெரிதாகக் கஷ்டப்பட வேண்டியதில்லை. நம் திருகோணமலையில் மூதூர் லோஞ்சு வந்து கட்டும் ஜெற்றியை நினைத்துப் பாருங்கள். லோஞ்சின் விலாவில் பழைய லொறி டயர்கள் தொங்கும். தார் வீதியில் ஓடுவதற்காகச் செய்த பொருள், தேய்ந்து கழிக்கப்பட்ட பிறகு, கடலில் தொங்கிக்கொண்டு முட்டுத் தாங்குகிறது. செய்தவன் நினைத்த பயன் ஒன்று, கரையில் நிற்பவன் கண்டுபிடித்த பயன் இன்னொன்று. துறைமுகத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நான் சொல்லவந்த கதை முழுவதும் இப்படிப்பட்ட பொருள்களால் ஆனது. இரவல் வாங்கியவை, வாடகைக்கு எடுத்தவை, கழிக்கப்பட்டவை. அவற்றைக் கையாண்ட சில கைகளின் கதை என்றும் சொல்லலாம். அந்தக் கைகளில் ஒன்றுக்கு முழுப்பெயர் கூட இல்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

குழுவின் பெயர் சோல்சோனிக் ஃபோர்ஸ். முன்னால் நின்றவர் ஆப்பிரிக்கா பம்பாட்டா. பாடியவர்கள் மிஸ்டர் பிக்ஸ், பௌ வௌ, குளோப் என்ற மேடைப்பெயர் கொண்ட மூன்று இளைஞர்கள். இசைத்தட்டுச் சுழற்றியவர் ஜாஸி ஜே. 1982ஆம் ஆண்டு இவர்கள் வெளியிட்ட 'பிளனட் ரொக்' என்ற ஒற்றைப் பாட்டுத்தான் எலெக்ட்ரோ என்று இன்று அழைக்கப்படும் இசைவகைக்கு வழி திறந்துவிட்டது.

இவர்கள் வந்த ஊர் பிரொங்ஸ். நியூயோர்க்கின் வடக்கில் இருக்கும் பகுதி. 1948இல் தொடங்கி ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம், அந்தக் குடியிருப்புகளின் நடுவே ஒரு பெருந்தெருவை வெட்டிக்கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. எழுபதுகளில் கட்டடங்கள் தெருத்தெருவாக எரிந்தன. இடப்பெயர்வு என்றால் என்ன, எரிந்த வீட்டின் கரி மணம் எப்படியிருக்கும் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு சின்ன விருந்து நடந்தது. தங்கைக்குப் பள்ளிக்கூட உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக வைத்த விருந்து. இசைத்தட்டுப் போட்டவர் கூல் ஹேர்க். அவர் யமேக்காவின் கிங்ஸ்டன் துறைமுக நகரத்தில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் பிரொங்ஸுக்கு வந்தவர். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி ஊரையே ஆடவைக்கும் வழக்கம் அவரோடு கப்பலேறி வந்தது. ஒரு பாட்டில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து தாளம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் உண்டு. அந்த இடத்தில்தான் ஆட்கள் துள்ளி ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசையில் வைத்து, அந்தச் சில விநாடியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நம் கச்சேரியில் தனியாவர்த்தனம் வந்ததும் எழுந்து வெளியே போகிறவர்கள் உண்டு. பிரொங்ஸில் தனியாவர்த்தனத்துக்காக மட்டுமே ஆட்கள் வந்தார்கள்.

பூங்காக்களில் விருந்து வைத்தபோது மின்சாரத்துக்குத் தெருவிளக்குக் கம்பத்தைத் திறந்து வயர் இழுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் இந்தச் சபையில் இருக்கலாம். இரண்டும் ஒரே குடும்பத்து அறிவு. பாட்டுக் கேட்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், மனிதன் மின்னியல் படித்துவிடுகிறான்.

இனி 'பிளனட் ரொக்' பதிவான ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போவோம்.

டொம் சில்வர்மன் என்ற இளைஞர் 1981இல் தன் பெற்றோரிடம் 5,000 டொலர் கடன் வாங்கி, டொமி போய் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர். விசைப்பலகை வாசிக்க ஜோன் ரோபி. பம்பாட்டாவின் தட்டுப் பெட்டிக்குள் ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்துக் குழுவான கிராஃப்ட்வேர்க்கின் தட்டுகள் இருந்தன. அவர்களுடைய 1977ஆம் ஆண்டுப் பாட்டொன்று ஐரோப்பாவைக் குறுக்கறுத்து ஓடும் ரயிலைப் பற்றியது. கொழும்பிலிருந்து வரும் இரவு வண்டியில் கல்லோயா தாண்டித் தூக்கம் கலைந்தவர்களுக்கு அந்தத் தாளம் விளங்கும். தண்டவாள மூட்டுகளில் சில்லு விழுகிற கணக்குத்தான் அது. அந்தப் பாட்டின் மெட்டையும், அவர்களுடைய 1981ஆம் ஆண்டு 'நம்பர்ஸ்' பாட்டின் தாளத்தையும் சேர்த்துப் புதிதாக வாசித்தால் என்ன என்பதுதான் யோசனை.

தாளத்துக்கு ஒரு இயந்திரம் வேண்டும். அவர்களிடம் இல்லை. வாங்கக் காசும் இல்லை. பேக்கர் பின்னாளில் சொன்ன கதை இது: வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகையின் சிறுவிளம்பரப் பகுதியில், தாள இயந்திரத்தோடு ஒரு ஆள், ஒரு அமர்வுக்கு 20 டொலர் என்று ஒரு விளம்பரம் இருந்தது. கூப்பிட்டார்கள். அவர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர்கள் தட்டைப் போட்டுக் காட்டி, இப்படி வேண்டும் என்றார்கள். அவர் பொத்தான்களை அமுக்கி அதைக் கொண்டுவந்தார். 20 டொலரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இயந்திரம் ரோலண்ட் ரி.ஆர்-808. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நான் இசைவாணன் அல்லன். தொழிலால் ஆசிரியன், பழக்கத்தால் றேடியோவைக் கழற்றிப் பூட்டுகிறவன். அதனால் இந்தப் பெட்டி எனக்கு இரண்டு வகையில் பிடிக்கும். முகப்பின் கீழ்ப்பக்கத்தில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். முதல் நாலு சிவப்பு, அடுத்த நாலு செம்மஞ்சள், அடுத்தது மஞ்சள், கடைசி நாலு வெள்ளை. நாலு நாலாக நாலு. மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளே, இது உங்கள் 'தகதிமி' தான். சதுஸ்ர நடையை நிறம் தீட்டிப் பெட்டியில் பதித்துவைத்திருக்கிறார்கள். முரசு எந்தெந்த எண்ணிக்கையில் விழவேண்டுமோ அந்தந்தப் பொத்தானை அமுக்கினால் போதும், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும், விடியும்வரை சளைக்காது.

ஒலி எங்கிருந்து வருகிறது? அதே காலத்தில் வந்த லின் என்ற அமெரிக்க இயந்திரத்துக்குள் உண்மையான முரசுகளின் பதிவு இருந்தது. அதன் விலை 5,000 டொலரை ஒட்டியது. 808இன் விலை 1,195 டொலர், அதற்குள் பதிவே கிடையாது. சிறிய மின்சுற்று ஒன்றுக்கு ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். தட்டுப்பட்ட வெண்கலக் குடம் ரீங்கரித்து மெல்ல ஓய்வதுபோல அந்தச் சுற்று அதிர்ந்து ஓய்கிறது. அதுதான் முரசொலி. ஓயும் நேரத்தை ஒரு திருகால் நீட்டலாம். நீட்டினால் முரசு என்ற நிலையைக் கடந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் உருளும் ஒரு முழக்கமாக மாறிவிடும்.

இன்னொரு இரகசியமும் உண்டு. ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒசாக்காவில் பிறந்த இகுதாரோ ககேஹாஷி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளவயதில் மணிக்கூடு திருத்தியும் றேடியோ திருத்தியும் பிழைத்தவர், காசநோயால் ஆண்டுக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 808இன் 'சுர்ர்' என்ற சுருதியில்லாத இரைச்சலுக்கு அவர் தேடி வாங்கியவை, பழுது என்று தொழிற்சாலை கழித்துவிட்ட திரான்சிஸ்டர்கள். நல்ல திரான்சிஸ்டர் அமைதியாக இருக்கும், பழுதானது இரையும். அவருக்கு வேண்டியிருந்தது இரைச்சல். காலப்போக்கில் தொழில்நுட்பம் முன்னேறிப் பழுதான திரான்சிஸ்டர்களே அரிதாகிவிட, 1983இல் 808இன் உற்பத்தியும் நின்றது. ஏறக்குறைய 12,000 பெட்டிகள்தான் செய்யப்பட்டன. உண்மையான முரசு மாதிரி இல்லை என்று தொழில்முறை இசைக்காரர் பலர் அதை ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கிய பெட்டிகள் இரண்டாங்கைக் கடைகளுக்கு வந்தன, விலை விழுந்தது, காசில்லாதவர்கள் கைக்குப் போயின. லோஞ்சில் தொங்கும் டயரை மறக்காதீர்கள்.

பாட்டுக்குத் திரும்புவோம். தாளம் பதிவாகிவிட்டது. நிமிடத்துக்கு 127 அடிக்குக் கிட்ட ஓடுகிற வேகம், அந்நாளைய ராப் பாட்டுகளுக்குப் பழகிய நாக்குக்கு அது அதிகம். பாடகர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. குளோப் பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டு, தாளத்தைத் துரத்தாமல் அதன்மேல் பாதி வேகத்தில் மிதந்து போகிறமாதிரிச் சொற்களை அமைத்தார். கீழ்க்காலத்தில் சாகித்யம், மேற்காலத்தில் தாளம் என்று சொன்னால் நம்மவர்களுக்கு விளங்கும். பௌ வௌ ஓரிடத்தில் சொல் மறந்துபோய் வாயால் ரீங்காரமிட்டுச் சமாளித்தார் என்றும், அதுவே பதிவில் தங்கிவிட்டது என்றும் சொல்வார்கள். கூடத்தில் ஃபெயர்லைட் என்ற கணினி வாத்தியமும் இருந்தது, ஒரு வீட்டின் விலை பெறும் பொருள். அதை அவர்கள் முக்கியமாகப் பயன்படுத்தியது, முழு ஒர்கெஸ்ட்ராவும் ஒரே நேரத்தில் 'டாங்' என்று இடிக்கிற அந்த ஒற்றை ஒலிக்குத்தான். விலைகூடிய கருவி ஒரு சொல் சொன்னது. 20 டொலர்ப் பெட்டி பாட்டு முழுவதும் பேசியது.

தட்டு வெளிவந்தது. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 48ஆம் இடம், கறுப்பின இசைப் பட்டியலில் 4ஆம் இடம், தங்கத் தட்டு. பிறகு கிராஃப்ட்வேர்க் தரப்பு நியாயம் கேட்டது. மெட்டு அவர்களுடையது, கேட்காமல் எடுத்தது பிழை. டொமி போய் நிறுவனம் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. இங்கே நான் இரண்டு பக்கமும் நிற்கிறேன். எடுத்தவர்கள் புதிதாக ஒன்றைச் செய்தார்கள் என்பதும் உண்மை, யாரிடம் எடுத்தோம் என்று சொல்லியிருக்கவேண்டும் என்பதும் உண்மை. இரவல் வாங்குவது இசையின் இயல்பு. இரவல் தந்தவரின் பெயரைச் சொல்வது இசைக்காரனின் கடமை.

1983இல் 'லுக்கிங் ஃபோர் த பெர்ஃபெக்ட் பீற்', 'ரெனகேட்ஸ் ஒஃப் ஃபங்க்' என்று இன்னும் இரண்டு பாட்டுகள் வந்தன. பாட்டுகளைத் தொகுத்த இசைத்தொகுப்பு 1986இல்தான் வந்தது. அதற்குள் ஹிப் ஹொப்பின் காற்று வேறு திசைக்கு மாறிவிட்டது. குழுவின் சொந்தக் கதை இவ்வளவுதான், குறுகியது. ஆனால் அந்தத் தாளத்தின் கதை அப்போதுதான் கப்பலேறியது.

அதே 1982இல் பம்பாயில் என்ன நடந்தது பாருங்கள். திரைப்பட ஒர்கெஸ்ட்ராக்களில் வாசித்துப் பிழைத்த சரண்ஜித் சிங், சிங்கப்பூருக்குப் போனபோது ரோலண்ட் பெட்டிகளை வாங்கிவந்திருந்தார். அதே 808, அதன் தம்பியான ரி.பி-303, ஜுப்பிட்டர்-8 விசைப்பலகை. தாளத்தை ஓடவிட்டு, அதன்மேல் பத்து ராகங்களை வாசித்துப் பதிவுசெய்தார். நம் கல்யாணிக்கு இணையான யமன், மோகனத்துக்கு இணையான பூபாளி, இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் எல்லாம் அதில் உண்டு. தட்டு விற்கவில்லை. 1987இல் சிக்காகோ இளைஞர்கள் அதே 303ஐ வைத்து 'அசிட்' என்ற இசையைத் தொடங்கினார்கள் என்பது வரலாறு. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பானபோது, ஐந்தாண்டு முன்னரே இந்த மனிதர் பம்பாயில் இதைச் செய்துவிட்டாரா என்று மேற்குலகம் வாயைப் பிளந்தது. பிரொங்ஸ்காரர் பம்பாயைக் கேட்கவில்லை, பம்பாய்க்காரர் பிரொங்ஸைப் பார்த்துச் செய்யவும் இல்லை. ஒரே பெட்டி இரண்டு கரையில் இறங்கியது.

தமிழ்ப் பக்கத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்து இசை, 1994இல் 'காதலன்' படத்துப் 'பேட்டை ராப்', 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்'. இவற்றில் ஒன்றையாவது கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது.

நான் சொல்லவந்தது இன்னொரு பாதை. 'பிளனட் ரொக்'கின் தாளம் தெற்கே மயாமிக்குப் போய் முழக்கம் கூடிய ஒரு நடனவகையானது. மயாமியின் தட்டுகள் பிறேசிலின் ரியோ டி ஜெனெய்ரோவுக்குப் போயின. ரியோவின் மலைச்சரிவுச் சேரிகளில் போர்த்துக்கேய மொழியில் 'ஃபங்க்' என்ற புதிய பாட்டு பிறந்தது. அங்கிருந்து ஒரு பாட்டு லண்டனுக்கு வந்தது. எடுத்துக் கையாண்டவர் மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்கு வந்து, போரால் இந்தியாவுக்கும் இங்குமாக அலைந்து, 1986இல் அகதியாக மீண்டும் லண்டன் போன பிள்ளை. 2005இல் வந்த 'அருளர்' என்ற முதல் தொகுப்பின் பாட்டுகளை அவர் அமைக்கத் தொடங்கியது ரோலண்ட் எம்.சி-505 என்ற பெட்டியில். 808இன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சொந்தப் பெட்டி இல்லை, தோழியிடம் இரவல். 2007இல் வந்த 'கலா' தொகுப்புக்காக அவர் சென்னையில் உருமி மேளத்தைப் பதிவுசெய்தார். கோலால் தோலைத் தேய்த்து உறுமவைக்கும் உருமியும், பழுதான திரான்சிஸ்டரை இரையவைக்கும் 808உம் ஒரே குணம் கொண்டவை. சுத்தமான ஒலி எதுவென்று பெரியவர்கள் தீர்மானித்த பிறகு மிஞ்சிய ஒலியில் இரண்டும் வாழ்கின்றன.

போர்த்துக்கேயம் என்றதும் உங்களில் சிலர் பாலையூற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். அங்கே வாழும் நம் பறங்கியர் குடும்பங்களின் கல்யாணவீட்டில் வயலினும் றபானும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா ஒலித்தபோது அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆப்பிரிக்கரைக் குறித்த சொல்லைத் தன் பெயரிலேயே சுமந்த தாளம் அது. போர்த்துக்கேயக் கப்பலில் இந்தக் கரையில் இறங்கி, கிழக்கிலங்கையின் தமிழோடு அக்கம்பக்கமாக வாழ்ந்து, பைலாவுக்குத் தாயானது. பம்பாட்டா ஆப்பிரிக்காவின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஜேர்மன் மெட்டை எடுத்தார் என்று வியப்பவர்களுக்கு, நம் ஊரில் முந்நூறு நானூறு வருடமாக அதுதானே நடக்கிறது என்று நாம் சொல்லலாம். 1984இல் ஜேர்மனியின் டொயிச் வெல்லே வானொலியே திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் அமைத்து இங்கிருந்து ஆசியாவுக்கு ஒலிபரப்பியது. தொலைவிலிருந்து வரும் ஒலியை வாங்கி அப்பால் அனுப்புவது இந்த ஊரின் பழைய தொழில்.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் இறங்கினால் வரலாறு சொன்னவன் ஆகமாட்டேன். பம்பாட்டாமீது 2016 முதல், பழைய நாட்களில் சிறுவர்களாக இருந்த பலர் பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார்கள். அவர் மறுத்தார். அவர் உருவாக்கிய சூலு நேஷன் அமைப்பு அதே ஆண்டில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பாட்டு இனிமையாக இருக்கிறது என்பதற்காக அந்தக் குரல்களை நாம் அடக்கக்கூடாது. ஒரு குழுவின் வரலாற்றை ஒரு தலைவரின் சிலையாகச் செதுக்கினால் வரும் ஆபத்தும் இதுதான். சிலை விழுந்தால் கூட இருந்த எல்லோரும் அதன் அடியில் புதைந்துபோவார்கள். குளோப் எழுதிய சொல், ரோபியின் விரல், ஜாஸி ஜேயின் கை, இவை எதுவும் அந்தச் சிலையின் பகுதிகள் அல்ல.

அந்த 20 டொலர் ஆளும் அப்படித்தான். நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமான அந்தத் தாளத்தைப் பொத்தான் பொத்தானாக அமுக்கியவரைப் பற்றிப் பேக்கரின் நினைவில் மிஞ்சியது ஒரே சொல்: ஜோ. தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் நிறுவனத்தின் பெயர் உண்டு, தயாரிப்பாளர் பெயர் உண்டு, குழுவின் பெயர் உண்டு. ஜோ இல்லை. கிராஃப்ட்வேர்க் நியாயம் கேட்க அவர்களிடம் பெயரும் ஆவணமும் இருந்தன. ஜோவிடம் ஒரு பெட்டி மட்டும் இருந்தது.

நம் ஊரிலும் ஜோக்கள் இருக்கிறார்கள். வெற்றுக் கசெட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் மறுநாள் பதிந்து தரும் ரெக்கோடிங் பார்கள் இருந்தனவே, அங்கே எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று தீர்மானித்து ஒரு தலைமுறையின் காதைப் பழக்கிய இளைஞன் யார்? பாலையூற்றில் வயலின் வாசித்த முதியவரின் பெயரை யாராவது எழுதிவைத்தோமா? கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய மனிதர், மழையில் நனைந்த அம்பிளிபயரை இரவோடிரவாகக் காயவைத்து விடியற்காலைப் பூசைக்குப் பாடவைத்தாரே, அவர் எங்கே?

பின்வரிசை மாணவர்களிடம் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். உங்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் இப்போது ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இந்த வாரம் ஒரு ஆளிடம் போங்கள். மேளம் அடித்தவர், பெட்டி திருத்தியவர், பாட்டுப் பதிந்தவர், யாராகவும் இருக்கட்டும். அவர் வாசிப்பதையும் பேசுவதையும் பதியுங்கள். பதிவைத் தொடங்கியதும் முதல் கேள்வியாக அவருடைய முழுப்பெயரைக் கேளுங்கள்.